பிள்ளையைத் தொட்டிலில் போடும் முன்

பல்லேபொலப் பக்கத்துத் தோட்டங்களில் எந்த லயத்துக் காம்பராவுக்குப் போனாலும் சேலைத் தொட்டிலைப் பார்க்கிறோம். "எங்க பிள்ளைங்க எல்லாம் இதிலதானே வளர்ந்திச்சு" என்பார்கள் பாட்டிமார். உண்மைதான். ஆனாலும் அதில் ஆபத்தும் இருக்கிறது.

சேலை குழிந்து தொங்கும். பச்சைப்பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். அதுக்குக் கத்தவும் முடியாது. புரளப் பழகிய பிள்ளைக்குத் துணி கழுத்தில் சுற்றும். அண்ணன், அக்கா வேகமாக ஆட்டினால் சுவரில் அடிபடும்.

ஆகவே, பெரியவங்க ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொட்டிலில் போடுங்கள். தூங்கியதும் எடுத்து, சமமான இடத்தில், உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் தனிப் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பாய் மேல் மெல்லிய துணியை இறுக்கி விரித்தால் போதும். தலையணை வேண்டாம். குளிர் என்றால் சட்டை, கால்மேசு போடுங்கள். கம்பளி முகத்தை மூடிவிடும். அடுப்புப் புகையும் ஆகாது.

அமெரிக்காவில் 1994இல் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பிரசாரம் தொடங்கினார்கள். அதன்பின் தூக்கத்தில் திடீரென இறக்கும் பிள்ளைகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

பழைய மரத்தொட்டில் யாராவது கொடுத்தால், சட்டங்களுக்கு இடையே 6 சென்றிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் உடம்பு நுழைந்து தலை சிக்கும். பக்கப் பலகையை ஏற்றி இறக்கும் தொட்டிலும் வேண்டாம். அமெரிக்காவில் 2011இல் அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் மருத்துவமாது வரும்போது பிள்ளை தூங்கும் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். கொழுந்துக்குப் போகும் முன் பாட்டியிடமும் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.