மண்வாசனையும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

முதல் மழை விழுந்ததும் ஒரு வாசனை வருமே, அதுக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். அதை உண்டாக்குபவை மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள். ஆன்டிபயாட்டிக் தயாரிப்பதிலும் இவங்கதான் கில்லாடி. காசநோயை முதன்முதலாக மடக்கிய ஆன்டிபயாட்டிக்கான ஸ்ட்ரெப்டோமைசின், 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் மண் பாக்டீரியாவிலிருந்துதான் கிடைத்தது.

இப்போ ஒரு சின்ன லாஜிக். பக்கத்தில் இருப்பவனைக் கொல்ல விஷம் தயாரிக்கிறவன், அது தன்னையே கொல்லாமல் இருக்க ஒரு தற்காப்பும் வச்சிருக்கணும் இல்லையா? ஸ்ட்ரெப்டோமைசின் தயாரிக்கும் பாக்டீரியாவிடம், அந்த மருந்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதைச் செயலிழக்க வைக்கும் என்சைமும் இருக்கிறது. பக்கத்து பாக்டீரியாக்களும் சும்மா இருக்காது. விஷத்தை வெளியே பம்ப் செய்வது, வெட்டிப் போடுவது, விஷம் வந்து ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்வது என்று ஆளுக்கொரு வழி பிடித்திருக்கின்றன. ஆக, மருந்து எவ்வளவு பழசோ, எதிர்ப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு பழசு.

இதுக்கு ஆதாரம் ஒரு குகை. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் இருக்கும் லெச்சுகியா குகையின் ஆழமான பகுதிகள், 40 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக வெளியுலகத் தொடர்பே இல்லாமல் இருந்தவை. அங்கே எடுத்த பாக்டீரியாக்கள் பற்றிய ஆய்வு 2012-ல் வெளிவந்தது. மருந்துச்சீட்டையே பார்த்திராத அந்த பாக்டீரியாக்களில் சில, நாம் இன்று பயன்படுத்தும் 14 ஆன்டிபயாட்டிக்குகள் வரை தாக்குப்பிடித்தன! அதற்கு முந்தைய ஆண்டு, கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணிலும் எதிர்ப்பு ஜீன்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

"அப்போ இது இயற்கைதானே, நம்ம மேல என்ன தப்பு?" என்று கேட்கத் தோன்றும். சிக்கலே இங்கேதான் இருக்கு.

எதிர்ப்பு ஜீனைச் சுமப்பது பெரும்பாலும் ஒரு கூடுதல் செலவு. வெயில் காலத்தில் ரெயின்கோட் போட்டு அலைகிற மாதிரி. மருந்து இல்லாத இடத்தில் அது இல்லாதவனே வேகமாகப் பெருகுவான். மருந்து கொட்டிக்கிடக்கும் இடத்தில் கதை தலைகீழ். ரெயின்கோட் உள்ளவன் மட்டும்தான் பிழைப்பான்.

அதோடு, இந்த ஜீன்கள் பரம்பரையாக மட்டும் போவதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஏறி, பென்டிரைவில் ஃபைல் காப்பி பண்ணுவது போல, சம்பந்தமே இல்லாத வேறொரு இனத்துக்கும் தாவும். குளுய்வெரா என்ற பாக்டீரியா பொதுவாகப் பெரிய நோய் எதையும் தருவதில்லை. அதன் குரோமோசோமில் இருந்த சிடிஎக்ஸ்-எம் ஜீன்கள்தான் ஈ.கோலைக்குத் தாவி, இன்று உலகம் முழுக்க செஃபலோஸ்போரின் மருந்துகளைத் தோற்கடிக்கின்றன. சிறுநீர்ப்பாதைத் தொற்று போன்ற சாதாரண நோய்க்குக்கூட ஊசி மருந்து தேட வேண்டிய நிலை வருவது இதனால்தான்.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்? ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஆய்வு செய்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். இத்தனைக்கும் இது "சுத்திகரித்த" தண்ணீர். அந்த நிலையங்கள் பெரும்பாலும் நுண்ணுயிர்களை வைத்துத்தான் கழிவைச் செரிக்கின்றன. கோடிக்கணக்கான பாக்டீரியாவும் மருந்தும் ஒரே தொட்டியில்!

எதிர்ப்பு ஜீன்களை மண்ணிலிருந்து அழிக்கவே முடியாது. அவை நமக்கு முன்பே இங்கே இருந்தவை. ஆனால் எந்த ஜீனுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கு. சளி, சாதாரண ஜுரம் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதுக்கு ரூம்மேட் கொடுத்த அசித்ரோமைசின் ஒண்ணும் செய்யாது, வயிற்றில் இருக்கும் பாக்டீரியாக்களில் ரெயின்கோட் போட்டவர்களைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர. மீந்த மாத்திரையை டாய்லெட்டில் போடுவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

நாளைக்கு நம்மில் யாராவது ஒரு கழிவுநீர் நிலையத்தை டிசைன் பண்ணலாம். அப்போ பிஓடி, சிஓடி அளவோடு நிறுத்தாமல், "இதில் எவ்வளவு ஆன்டிபயாட்டிக் வெளியே போகுது?" என்ற கேள்வியையும் கேட்டுப் பாருங்க.