ஒரு டப்பா, மூன்று பதார்த்தம்

"அண்ணா, கொரியன் ஐட்டம் எதுவும் போட மாட்டீங்களா?" கல்லாவில் பணம் கட்டும்போது கல்லூரிப் பிள்ளைகள் இப்படித்தான் கேட்கிறார்கள். போடலாம். அதற்குத் தனி அடுப்போ தனி மாஸ்டரோ வேண்டாம். வெளியூர்ச் சரக்கு ஒன்றிரண்டு இருந்தால் போதும். மற்றதெல்லாம் நம் மார்க்கெட்டிலேயே கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

சென்னையில் இதற்கு நல்ல சாட்சி அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ். 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின. பிழைப்பை இழந்து திரும்பிய தமிழர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் அந்த ஊர்ச் சாப்பாட்டை விற்கத் தொடங்கினார்கள். வேகவைத்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு வறுத்த எண்ணெய் சேர்த்துக் கையால் பிசைந்து, மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். இதில் கொத்தவால்சாவடியில் கிடைக்காத பொருள் என்ன இருக்கிறது? அதனால்தான் விலையும் கட்டுப்படியானது, கடையும் நிலைத்தது.

கொரியச் சுவைக்கும் இதே கணக்குதான். வாங்க வேண்டியது கொச்சுஜாங் ஒன்றுதான். மிளகாய்த்தூள், புளிக்கவைத்த சோயா, பசையரிசி, உப்பு சேர்ந்த இந்த விழுது பார்வைக்குப் புளிக்காய்ச்சல் மாதிரி கெட்டியாக இருக்கும். உப்பு அதிலேயே உண்டு, ஆகவே மசாலாவில் குறைத்துவிடுங்கள். இனிப்பும் இருப்பதால் அதிகச் சூட்டில் அடிப்பிடிக்கும். சிக்கனைப் பொரித்து எடுத்தபின், பூண்டும் வெல்லமும் சேர்த்துச் சூடாக்கிய விழுதில் பிரட்டினால் போதும். பன்னீருக்கும் அதுவே. மயோனைஸில் கலந்தால் உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளலாம். ஒரு டப்பா மூன்று பதார்த்தத்துக்கு ஓடினால்தான் சரக்கு தேங்காது.

சைவம் சாப்பிடுபவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பார்கள். ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து வருவது. வூஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் இருக்கும். பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் பச்சைப் புள்ளி போடக்கூடாது. கிம்ச்சியை நாமே போடுவது நல்லது: உப்பில் ஊறிய முட்டைக்கோஸ், முள்ளங்கி, இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், மீன் சாஸுக்குப் பதில் கொஞ்சம் சோயா சாஸ். நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே புளித்துவிடும். உடனே ஃபிரிட்ஜில் ஏற்றிவிட வேண்டும்.

பரிமாறுகிற தம்பிக்கும் முதலில் ஒரு தட்டு கொடுங்கள். "இது என்ன?" என்று கேட்டால், "காரம், லேசா இனிப்பு, கொஞ்சம் புளிப்பு" என்று தின்றவன்தான் தயங்காமல் சொல்வான்.

மெனு கார்டை உடனே மாற்றி அச்சடிக்க வேண்டாம். சனி, ஞாயிறு மட்டும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். சாப்பிட்டவர் சாதாரண நாளிலும் வந்து அதையே கேட்டால், அப்போது கார்டில் ஏற்றலாம்.