நாலு கட்டம் போதும்... பிள்ளைங்களே காமிக்ஸ் போடலாம்!

சிவகாசி: பேப்பரைக் கையில் வாங்கியதும் தலைப்புச் செய்தியைக்கூடப் பார்க்காமல் நேராக கன்னித்தீவுக்குப் போனவர்கள் நம்ம ஊரில் எத்தனையோ பேர். 1960-ல் தினத்தந்தியில் தொடங்கிய அந்தப் படக்கதையைத் தாத்தா படித்தார், அப்பா படித்தார், பேரனும் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

படிச்சது எல்லாம் சரி. அதே மாதிரி ஒரு படக்கதையை நம்ம வீட்டுப் பிள்ளையே போட முடியுமா?

முடியும். அதுக்குப் பெரிய ஓவியராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரெண்டு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், ஒரு கறுப்புப் பேனா. அவ்வளவுதான் முதலீடு!

மாயாவி வந்த ஊர்

தமிழில் காமிக்ஸ் என்றாலே சிவகாசிதான். 1972-ல் இங்கிருந்துதான் முத்து காமிக்ஸ் வெளியானது. முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. கரண்ட் ஷாக் அடித்தால் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த ஹீரோவை இன்றைக்கு 50 வயசு தாண்டியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 1984-ல் லயன் காமிக்சும் இதே ஊரில் இருந்து வந்தது.

ஆனால் மாயாவி இங்கிலாந்துக்காரர். காமிக்சில் வந்த துப்பறிவாளர்களும், குதிரையில் வந்த கவ்பாய்களும் பெரும்பாலும் வெளிநாடுதான்.

அதே காலத்தில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போகாமல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே கொடுத்தது. கட்டை அடுக்கிய அந்தக் கைகளின் கதை காமிக்சில் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுத்து, "உன் கதையைப் போடு" என்று கேட்க ஆள் இல்லை.

இன்றைக்குக் கேட்கலாம். அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது.

நாலு கட்டம் கணக்கு

டெல்லியைச் சேர்ந்த கார்ட்டூனிஸ்ட் சரத் சர்மா 'வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா' என்ற அமைப்பு மூலம் பல மாநிலங்களில் இதைச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார். பின்லாந்து நாட்டைச் சேர்ந்த லெய்ப் பக்காலனும் அவரும் சேர்ந்து 2007-ல் இதுக்கென்றே ஒரு வழிகாட்டிப் புத்தகமும் எழுதினார்கள்.

விஷயம் ரொம்ப சிம்பிள். படிப்பு குறைவானவர்கள், வரையத் தெரியாதவர்கள், சின்னப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் தங்கள் சொந்தக் கதையை நாலே கட்டத்தில் வரைய வேண்டும். அதை ஜெராக்ஸ் எடுத்து, ஊர் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

தாள் கணக்கு இதுதான். ஒரு ஏ4 தாளைப் படுக்கை வசமாக வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் 2 கட்டம் போடணும். இன்னொரு தாளிலும் அதே மாதிரி 2 கட்டம். ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் ஒரு சின்ன போஸ்டர் ரெடி. ஜெராக்ஸ் மிஷின் ஓரத்தை வெட்டிவிடும் என்பதால் நாலு பக்கமும் ஒரு விரல் அளவு இடம் விட வேண்டும்.

முதலில் கதை, அப்புறம் படம்

பிள்ளைகள் செய்கிற முதல் தப்பு, எடுத்த எடுப்பில் வரைய ஆரம்பிப்பது. பாதியில் கதை நின்றுபோகும். முதலில் கதையை வாயால் சொல்ல வைக்கணும். பிறகு நாலு வரியில் எழுத வைக்கணும். ஒரு வரிக்கு ஒரு கட்டம்.

முதல் கட்டத்தில் ஆள் யார், இடம் எது. ரெண்டாவதில் பிரச்சினை. மூணாவதில் அது முற்றுவது. நாலாவதில் முடிவு அல்லது ஒரு கேள்வி.

உதாரணத்துக்கு ஒரு கதை:

கட்டம் 1: காலையில் அம்மா பாட்டிலில் தண்ணி பிடித்துக் கொடுக்கிறாள். "சாயங்காலம் பாட்டில் காலியா வரணும், தெரியுதா?"

கட்டம் 2: மதிய சாப்பாட்டு நேரம். தோழி கேட்கிறாள்: "ஏன்டி, ஒரு வாய்கூட குடிக்க மாட்டேங்குற?"

கட்டம் 3: இரவு வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் மகள். "ஒண்ணுக்குப் போனா எரியுதும்மா." பக்கத்தில் தண்ணி குறையாத பாட்டில்.

கட்டம் 4: பள்ளிக்கூட கக்கூஸ் கதவில் பெரிய பூட்டு. முன்னால் அம்மாவும் மகளும். அம்மா கேட்கிறாள்: "சார், சாவி யாருகிட்ட இருக்கு?"

அவ்வளவுதான் கதை. யாரையும் திட்டவில்லை, அறிவுரையும் இல்லை. ஆனால் படிக்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பூட்டை மறக்க மாட்டார். வகுப்பில் எழுந்து நின்று சொல்லக் கூச்சப்படுகிற பெண் பிள்ளைகூட இதை வரைந்து காட்டிவிடும்.

முகம் வரைவது எப்படி?

ஒரு வட்டம், ரெண்டு புள்ளி, ஒரு கோடு. முகம் வந்துவிடும். மற்றதைப் புருவமும் வாயும் பார்த்துக்கொள்ளும்.

புருவத்தின் உள்பக்கம் கீழே இறங்கினால் கோபம். உள்பக்கம் மேலே ஏறினால் கவலை. வாய் மேலே வளைந்தால் சிரிப்பு, கீழே வளைந்தால் அழுகை, வட்டமாகத் திறந்தால் ஆச்சரியம். நாலைந்து முகத்தை ஒரு தாளில் போட்டுப் பழகினால் போதும்.

கை கால் குச்சி மாதிரி இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் நாலு கட்டத்திலும் அதே ஆள் என்று தெரியணும். அதுக்கு ஆளுக்கு ஒரு அடையாளம் வைக்கணும். மகளுக்கு ரெட்டை ஜடை, அப்பாவுக்கு மீசையும் தோளில் துண்டும், பாட்டிக்குக் கொண்டை.

நாலு கட்டத்திலும் ஆளை ஒரே அளவில் போட்டால் சலிப்புத் தட்டும். சினிமாவில் வருகிற மாதிரி ஒன்றில் தூரத்துக் காட்சி, ஒன்றில் முகம் மட்டும், ஒன்றில் பூட்டு மட்டும் என்று மாற்றிப் போடலாம்.

பலூன் ரகசியம்

பேச்சு எழுதும் வட்டத்துக்குப் பெயர் பலூன். பலர் பலூனை முதலில் போட்டுவிட்டு, வசனத்தை உள்ளே திணிக்கப் பார்ப்பார்கள். இடம் பத்தாது. வசனத்தை எழுதிவிட்டு, அதைச் சுற்றி பலூன் போடுவதுதான் சரி.

பேச்சுக்கு வழவழப்பான பலூன், வால் பேசுகிறவர் வாயைப் பார்க்கணும். மனசுக்குள் நினைப்பதற்கு மேகம் மாதிரி. கத்தினால் முள்ளு முள்ளாக. ரகசியம் பேசினால் விட்டு விட்டு வரும் கோடு.

தமிழில் இடப் பக்கம் இருந்துதான் படிப்போம். அதனால் முதலில் பேசுகிற ஆளை இடப் பக்கம் நிறுத்தணும். மாற்றிப் போட்டால் கேள்விக்கு முன்னாலேயே பதில் வந்துவிடும்!

வசனம் வீட்டில் பேசுகிற மாதிரியே இருக்கட்டும். பாடப்புத்தகத் தமிழ் வேண்டாம். 'டமால்', 'சர்ர்ர்', 'தொப்' எல்லாம் தாராளமாகப் போடலாம்.

எல்லாம் முடிந்ததும் பென்சில் கோட்டின் மேல் கறுப்புப் பேனாவால் எழுத வேண்டும். பென்சிலும் லேசான கலரும் ஜெராக்சில் சரியாக விழாது. ரெண்டடி தள்ளி நின்று படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

எங்கே ஒட்டலாம்?

நோட்டுக்குள் மடித்து வைத்தால் பயனில்லை. பள்ளி நோட்டீஸ் போர்டு, நூலகம், டீக்கடை, ரேஷன் கடை என்று ஆட்கள் நிற்கிற இடமாகப் பார்த்து, கேட்டுவிட்டு ஒட்டலாம். பத்துப் பிள்ளைகள் வரைந்ததைச் சேர்த்துப் பின் அடித்தால் வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஆச்சு.

பள்ளிக்கூடத்துப் பிரச்சினை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தில் வைக்கலாம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். மனு கொடுத்தால் படிக்காமல் மூலையில் போடலாம். படத்தை நீட்டினால் யாராக இருந்தாலும் ஒரு தடவை பார்ப்பார்கள்.

இதை மட்டும் ஒட்டாதீங்க

இங்கேதான் பெரியவர்கள் உஷாராக இருக்கணும். "உன் கதையைப் போடு" என்றால் சில பிள்ளைகள் உண்மையையே போட்டுவிடுவார்கள். அப்பா குடித்துவிட்டு அடிப்பது, தெரிந்த ஆள் ஒருவர் தப்பாகத் தொடுவது, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவது என்று வாயால் சொல்ல முடியாதது கட்டத்துக்குள் வந்து விழும்.

அந்தத் தாளை சுவரில் ஒட்டவே கூடாது. நாலு பேருக்குக் காட்டி, "இது உன் வீட்டுக் கதையா?" என்று கேட்கவும் கூடாது. செல்போனில் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவது அதைவிட மோசம்.

பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, சொல்வதை நம்பிக் கேட்க வேண்டும். பிறகு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். காசு கிடையாது. பாலியல் தொல்லை என்றால் 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்த பிறகும் புகார் சொல்லாமல் மறைப்பது பெரியவர்களுக்கே குற்றம்.

மற்ற கதைகளிலும் நிஜப் பெயர், நிஜத் தெரு பெயர் வேண்டாம். 'கவிதா' என்பதை 'கனகா' ஆக்கினால் கதை ஒன்றும் குறைந்துவிடாது.

பெத்தவங்க கவனத்துக்கு...

மூக்கு கோணலாக இருக்கிறது, மாடு நாய் மாதிரி இருக்கிறது என்று சொல்லி ரப்பரைக் கையில் எடுக்காதீங்க. அதோடு பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடும். கடையில் விற்கிற படத்தைப் பார்த்து வரையச் சொல்வதும் வேண்டாம். படம் அழகா என்பது ரெண்டாவது. கதை புரிகிறதா என்பதுதான் முதல்.

அடுத்த லீவு நாளில் ரெண்டு தாளை மட்டும் எடுத்துக் கொடுத்துப் பாருங்க. வேலை முடித்து வந்து உட்கார்ந்ததும், "என்னடா போட்ட, காட்டு" என்று கேளுங்க. வீட்டில் நடந்து நமக்கே தெரியாத ஒரு கதை அதில் இருந்தாலும் இருக்கும்!