சந்திரலேகா எப்ப சார் வரும்?

தலைப்பைப் பார்த்துட்டு சந்திரமுகி அடுத்த பாகம்னு நினைச்சு ஓடி வந்தவங்க அப்படியே அபீட் ஆயிக்கலாம். இது 1948ல வந்த ஜெமினி வாசன் படத்தைப் பத்தின புலம்பல். சரியா சொல்லணும்னா, அந்தப் படம் ஒரு நல்ல தட்டுல எப்ப வரும்ங்கிற புலம்பல். ஆய்வறிக்கை எழுத வேண்டிய நேரத்துல இதெல்லாம் தேவையான்னு கேக்காதீங்க. ஆய்வறிக்கை எழுத வேண்டிய நேரத்துலதான் இதெல்லாம் தோணும் :-)

பழைய படங்களை டிவிடி, ப்ளூரேன்னு வாங்கி அடுக்குற கூட்டம் ஒண்ணு உலகம் பூரா இருக்கு. நானும் அதுல ஒரு கடைசி பெஞ்ச் ஆசாமி. அமெரிக்காவின் க்ரைடீரியான் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் நடுவாக்கில், மூன்று மாதம் கழித்து வரப்போகும் படங்களின் பட்டியலை வெளியிடும். அன்னிக்கு இந்தக் கூட்டம் படுற பாடு இருக்கே, ஊர்ல பிளஸ் டூ ரிசல்ட் வர்ற அன்னிக்குப் பெத்தவங்க படுற பாடு மாதிரி. ஜப்பான்காரனுக்கு ஓசு, பிரெஞ்சுக்காரனுக்கு ரெனுவார், நம்ம வங்காளத்து மக்களுக்கு ரே. ஆளாளுக்கு எதிர்பார்க்க ஏதோ ஒண்ணு இருக்கு. தமிழனுக்கு?

இருங்க, கிட்டத்தட்ட ஒண்ணு இருக்கு. 2022ல க்ரைடீரியான் ஒரு பெட்டி போட்டாங்க. மார்ட்டின் ஸ்கோர்செஸி 2007ல ஆரம்பிச்ச உலக சினிமாத் திட்டம் மூலமா மீட்டெடுத்த ஆறு படங்கள். அங்கோலா, அர்ஜென்டினா, ஈரான், கேமரூன், ஹங்கேரி. ஆறாவது இந்தியா: உதயசங்கர் எடுத்த 'கல்பனா', 1948. பேசுறது இந்திதான். ஆனா எடுத்தது மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவில். ஒளிப்பதிவு நம்ம கே. ராம்நாத். ஆடுறவங்க நடுவுல சின்னப் பொண்ணா பத்மினி!

அட்லாண்டால இருக்கிற அக்கா வீட்டுக்காரர் கிட்ட கெஞ்சினேன். "மாமா, இங்க வர்றப்ப இது ஒண்ணு மட்டும்" என்றேன். "நூறு டாலருக்கு மேல போட்டிருக்கான், இதுக்கு நீ ஒரு ஃபோன் வாங்கலாம்டா" என்று திட்டிக்கொண்டே கொண்டுவந்தார். கொண்டுவந்தா மட்டும் போதுமா? ப்ளூரேக்காரன் உலகத்தை மூணாப் பிரிச்சு வச்சிருக்கான். அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. ஏ மண்டலத் தட்டு சுவிஸ் ப்ளேயர்ல ஓடாது. கடைசியில ரிக்கார்டோ தளத்துல எல்லா மண்டலமும் ஓடுற ஒரு பழைய ப்ளேயரைப் பிடிச்சு, ஒரு சனிக்கிழமை ராத்திரி பார்த்தேன். (புதுசா வர்ற 4கே தட்டுகளுக்கு இந்த மண்டலத் தொல்லை கிடையாது. மகராசனா இருக்கட்டும்.)

என்ன சொல்ல! அந்தக் கறுப்பு கறுப்பா இருக்கு. துணியோட மடிப்பு தெரியுது. நிழலுக்குள்ள இன்னொரு நிழல் தெரியுது. எழுபது வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸ்ல போட்ட செட்னு நம்பவே முடியலை. இத்தனைக்கும் இது மூல நெகட்டிவிலிருந்து வந்ததில்லை. புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்த நகல் நெகட்டிவையும் ஒரு பாசிட்டிவ் பிரிண்டையும் வைத்து, இத்தாலியின் பொலோனாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரொவாதா என்ற கூடத்தில் சரிசெய்தது. 2012 கான் விழாவில் அதைத் திரையிட்டபோது, படத்தின் நாயகி அமலா சங்கர் தொண்ணூறு வயசைத் தாண்டின பிறகும் நேரில் வந்திருந்தார்.

இப்ப நம்ம சந்திரலேகாவுக்கு வருவோம். அதே ஸ்டூடியோ, அதே 1948, ஏப்ரல் மாதம். கல்பனா படப்பிடிப்பைப் பார்த்துத்தான் வாசனுக்கு அந்த முரசு நடனத்தை அவ்வளவு பிரமாண்டமா எடுக்கத் தோணுச்சுன்னு சொல்றவங்க உண்டு. அந்தக் காலத்துல முப்பது லட்சம் ரூபாய் செலவு. டி.ஆர். ராஜகுமாரி, எம்.கே. ராதா, ரஞ்சன். இந்தியிலும் எடுத்து வடக்கே போய் அடிச்சு நொறுக்கின படம். கல்பனா பாவம், அப்ப காசு பண்ணலை. எழுபது வருஷம் கழிச்சு நிலைமை தலைகீழ். போண்டியான படம் பளபளன்னு இருக்கு, பணம் கொட்டின படம்?

என்கிட்ட இருக்கிற சந்திரலேகா டிவிடி பேர்ன்ல ஒரு ஈழத்தமிழர் கடையில வாங்கினது. அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிவிடி, விசிடி. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உமக்கு எத்தினை வயசு? உது எங்கட ஐயா பாத்த படமெல்லே!"

"பரவாயில்ல அண்ணை, எவ்வளவு?"

"அஞ்சு பிராங் தாங்கோ. ஒரு காலத்தில சனிக்கிழமையெண்டா கசெட்டுக்குச் சனம் வரிசையில நிண்டது. இப்ப ஆர் வாங்கினம்? எல்லாம் போனுக்கதானே."

போட்டுப் பார்த்தா முரசு மேல ஆடுற அத்தனை பேரும் வெள்ளைப் பொட்டு. முகமே இல்லை. ஓரத்துல கம்பெனி லோகோ ஜம்முனு ஒளிருது (எந்தக் கம்பெனின்னு வேணாம், எல்லாருமே அப்படித்தான் போட்டாங்க). ஒரே தட்டுல மூணு படத்தை அமுக்கி வித்த புண்ணியவான்களும் உண்டு. 2007ல மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் போட்டப்ப, எங்க வீட்டுல ஒரு அலமாரியே ரொம்பினது. நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அது இருந்த பிரதியை மலிவா வித்த கதை. படத்தைச் சரிபண்ணின கதை இல்லை. அந்த நிறுவனமும் 2018ல கலைப்புக்குப் போயாச்சு.

சரிபண்றதுன்னா என்ன? ரேயின் அபு படங்கள் மூன்றின் கதை தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடலாம். 1993ல லண்டன் ஹெண்டர்சன் லேப்ல தீ. நெகட்டிவெல்லாம் கருகிப்போச்சு. கருகினதைத் தூக்கி எறியாம எடுத்து வச்சாங்க பாருங்க, அங்கதான் இருக்கு சூட்சுமம். பிற்பாடு அதே பொலோனா கூடத்துல அதை ஊறவச்சு, பிரிச்சு, ஓரத் துளைகளைக் கையால ஒட்டினாங்க. கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேர வேலை. பதேர் பாஞ்சாலியில சுமார் 40 சதவீதம், அபராஜிதோவில 60 சதவீதத்துக்கு மேல அந்தக் கருகின நெகட்டிவிலிருந்தே கிடைச்சது. மிச்சத்தை வேற பிரதிகள்ல இருந்து கோத்து, 2015ல தட்டா வந்தது.

அதாவது தட்டுங்கிறது இந்த ரயில் கடைசியா வந்து நிக்கிற ஸ்டேஷன். உரிமை யார்கிட்டன்னு தேடி, எந்த ஊர்ல எந்த டப்பா இருக்குன்னு தேடி, இருக்கிறதுல நல்லதை எடுத்து ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு ஃபிரேமா துடைச்சு, அப்புறம்தான் அட்டைப்படமும் அறிவிப்பும். அதனாலதான் நாங்க அந்த மாதப் பட்டியலை அப்படி முறைச்சுப் பார்க்கிறோம். ஒரு பேர் அதுல வந்தா, யாரோ அந்த டப்பாவைத் திறந்துட்டாங்கன்னு அர்த்தம்.

நம்ம ஊர்ல யாருமே எதுவும் பண்ணலைன்னு சொல்லலை. 2012 மார்ச்சில் கர்ணன் டிஜிட்டலில் வந்து கல்லா கட்டினது ஊருக்கே தெரியும். நிறமும் ஒலியும் பிரமாதம். ஆனா 1964ல பந்துலு சதுரத்துக்குப் பக்கமா எடுத்த சட்டத்தை சினிமாஸ்கோப்புக்கு மாத்தினாங்க. அகலப் பண்ணினா மேலயும் கீழயும் போகணுமே! சிவாஜி கிரீடத்துக்கு யார் பொறுப்பு? தியேட்டருக்கு அது சரி. பாதுகாக்கிறவன் அப்படிப் பண்ண மாட்டான். மலையாளத்தில் அரவிந்தனின் கும்மாட்டியையும் தம்பையும் சிவேந்திர சிங் துங்கர்பூரின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் எடுத்துச் சரிசெய்திருக்கிறது. தம்பு 2022ல கான் வரைக்கும் போச்சு. பக்கத்து வீட்டுல கல்யாணம் நடக்குது, நம்ம வீட்டுல ஜாதகத்தையே காணோம்.

நான் இருக்கிற லோசான்லதான் சுவிஸ் சினிமாத்தெக் இருக்கு. அது தொடங்கினதும் 1948, நம்பினா நம்புங்க. பக்கத்துல பென்தாஸ்ங்கிற கிராமத்துல பூமிக்கு அடியில கிடங்கு கட்டி, லட்சக்கணக்கான ரீல்களைக் குளிர்ல வச்சிருக்காங்க. இத்தனைக்கும் இவங்க எடுக்கிற படம் வருஷத்துக்கு எத்தனை? கோடம்பாக்கத்துல ஒரு தெருவுக்குக் காணாது. நம்ம புனே காப்பகம் வந்தது 1964ல. அதுக்குள்ள தமிழ் பேசும்படத்துக்கு வயசு முப்பத்திமூணு. 1931ல வந்த முதல் பேசும்படம் காளிதாஸ் இன்னிக்கு ஒரு ரீல்கூட இல்லை. புனேயிலும் 2003ல தீப்பிடிச்சு ஏகப்பட்ட நைட்ரேட் ரீல்கள் போயிடுச்சு.

ஜூன் கடைசியில பொலோனாவுல பழைய படங்களுக்குன்னே ஒரு விழா நடக்கும். ராத்திரி நகரச் சதுக்கத்துலயே திரை கட்டிப் போடுவாங்க. இங்கிருந்து மிலான் போய் மாறினா ஆச்சு. இந்தத் தடவை போறதா இருக்கேன். சுவிஸ், இத்தாலி பக்கம் இருக்கிறவங்க வரதா இருந்தா சொல்லுங்க, சேர்ந்து போனா தங்குற செலவு பாதி.

டிஸ்கி: உங்க ஊர் டூரிங் டாக்கீஸ்காரர் வீட்டுப் பரண்ல பழைய ஃபிலிம் டப்பா ஏதாவது இருந்தா, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடாதீங்க. திறந்தா வினிகர் வாடை வந்தா, அழிய ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், ஆனா இன்னும் காப்பாத்தலாம். 1950க்கு முந்தின 35 எம்எம் ரீல் நைட்ரேட்டா இருக்கலாம், சட்டுனு தீப்பிடிக்கும். அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாம, முதல்ல புனே காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்க.