இளைப்பு நோயும் இளையோர் பள்ளியும்

ஆஸ்துமா என நாம் வழங்கும் இளைப்பு நோய், மூச்சுக் குழாய்களில் நீடித்து நிற்கும் அழற்சியால் விளைவது. தூசு, புகை, குளிர்காற்று, சளிக் காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தூண்டினால் குழாயைச் சூழ்ந்த தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. எனினும் முறையான மருத்துவத்தால் கட்டுக்குள் வைக்க இயலும்.

குழந்தைப் பருவத்தில் மருந்தை நினைவூட்டுபவர் பெற்றோர். பதின்பருவத்தில் பிள்ளைகள் அக்கண்காணிப்பினின்று விலகத் தொடங்குகின்றனர். நண்பர் முன்னிலையில் இன்ஹேலரை எடுக்க நாணுகின்றனர். இளைப்பு இல்லாத நாள்களில் தடுப்பு மருந்தைக் கைவிடுகின்றனர். பெற்றோர் பொறுப்பு தளர்ந்து, பிள்ளையின் பொறுப்பு வேரூன்றாத இவ்விடைவெளியே ஆபத்தானது.

இதனை நிரப்பப் பள்ளியால் இயலும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உருவான 'டிரிபிள் ஏ' திட்டம் சான்றாகும். பதினோராம் வகுப்பு மாணவர் பயிற்சி பெற்றுப் பத்தாம் வகுப்பினர்க்கு மூன்று பாடங்கள் நடத்துகின்றனர். பத்தாம் வகுப்பினர் தாம் கற்றவற்றை நாடகம் முதலிய நிகழ்ச்சிகளாகக் கீழ்வகுப்பினர்க்கு வழங்குகின்றனர். நோயுற்றோர் மட்டுமன்றி வகுப்பு முழுவதும் கற்பதே இதன் சிறப்பு. உடன் பயில்வோர் அனைவரும் அறிந்த நோயை எவரும் ஒளிக்க வேண்டியதில்லை அன்றோ!

டாம்வொர்த் நகரப் பகுதியின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் இது ஆராயப்பட்டது. பிரித்தானிய மருத்துவ இதழ் 2001-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, திட்டம் நடந்த பள்ளிகளில் நோயுற்ற மாணவரின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. பள்ளிக்கு வராமையும் குறைந்தது.

பெற்றோரும் கற்க வேண்டியது உண்டு. மருந்தைத் தாமே ஊட்டுவதினும், பிள்ளை தானே எடுக்கப் பழக்கி உடன் நிற்பதே நன்று. மருத்துவர் எழுதித் தரும் செயல்திட்டத்தின் படி ஒன்று வீட்டிலும், மற்றொன்று பள்ளியிலும் இருத்தல் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கற்பிக்கப்படும் முதலுதவி முறை எளியது. இளைப்பவரை நிமிர்ந்து அமரச் செய்க. நீலநிற நிவாரண இன்ஹேலரை 'ஸ்பேசர்' குழல் வழியே ஒவ்வொன்றாக 4 முறை அளிக்க. ஒவ்வொரு முறையும் 4 தடவை மூச்சு இழுக்கச் செய்க. 4 நிமிடம் காத்திருக்க. தணியாவிடில் மீண்டும் அளிக்க. அப்போதும் தணியாவிடில் ஆம்புலன்சை அழைக்க. மூச்சுத் திணறல் கடுமையாயின் தொடக்கத்திலேயே அழைத்தல் வேண்டும்.

வகுப்பறையில் ஒரு மாணவர் இளைக்கும்போது முதலில் காண்பவர் அருகில் அமர்ந்திருக்கும் தோழரே. அவர்க்கு இவ்வறிவைப் புகட்டுதல் கல்விக்கூடங்களின் கடமையாகும்.