இந்தச் சாலை எந்த ஆபீஸ் கணக்கில் இருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலையொட்டி ராஜபாளையம் போகிற சாலை, தேசிய நெடுஞ்சாலை 744. பழைய எண் 208. திருமங்கலத்தில் தொடங்கி தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை போகிறது. 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி இது மத்திய அரசுக்குச் சொந்தம். அதிலிருந்து பிரியும் தெரு நகராட்சிக்கு. ஊர் எல்லை தாண்டினால் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலை என்று மாறிக்கொண்டே இருக்கும். நடுவில் ரயில்வே நிலமும் கோயில் நிலமும் வேறு. பத்து நிமிடம் பைக்கில் போனால் நாலைந்து சொந்தக்காரர்களைக் கடந்துவிடுவோம்.

பெரும்பாலும் சிக்கல் வருவது சாலையின் நடுவில் அல்ல, ஓரத்தில். தார் நெடுஞ்சாலைத் துறை போட்டது. பக்கத்து வாறுகாலைக் கட்டியதும் அவர்களாக இருக்கலாம். ஆனால் தூர்வார நகராட்சியைத்தான் தேடுவோம். குழாய் பதிக்கத் தோண்டியது இன்னொரு துறை. வாறுகால் அடைத்து மழைத்தண்ணீர் ரோட்டில் தேங்கினால், தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடி விட்டுப்போகும். மேலே லாரி ஏறி இறங்க ஜல்லி பெயரும், ஒரு மழைக்காலத்துக்குள் முழங்கால் பள்ளமாகும். பள்ளம் நெடுஞ்சாலையில், காரணம் வாறுகாலில். இரண்டு ஆபீஸும் மற்றதைக் கைகாட்டினால், இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கும். அதனால்தான் இந்தத் தகராறு தீருவதே இல்லை.

சாலையின் சொந்தக்காரரைக் காகிதத்தில் மாற்றவும் முடியும். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நெடுஞ்சாலை என்ற பெயர் போனால் அந்தத் தடையும் போகும். அடுத்த ஏப்ரலில், ஊருக்குள் போகும் மாநில நெடுஞ்சாலைகளை எடுத்துக்கொள்ளத் தீர்மானம் போடும்படி தமிழக உள்ளாட்சிகளுக்குச் சுற்றறிக்கை போனது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ரோட்டைப் பராமரிக்க நகராட்சியிடம் பணமும் ஆளும் இருக்கிறதா என்பதுதான் அன்று முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பேன்.

அதே கேள்வி நம் ஊருக்கும் வரும். திருமங்கலம் – ராஜபாளையம் நான்குவழிச்சாலை மாதிரி புதுச்சாலை ஊரை ஒதுக்கிப் போகும்போது, ஊருக்குள் இருக்கும் பழைய சாலையை ஒருமுறை சீர்செய்து மாநிலத்திடம் ஒப்படைப்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் நடைமுறை. ஒப்படைப்பு இழுத்தால் பழைய சாலை கேட்பாரற்றுக் கிடக்கும்.

சாலை யாருடையது என்று கண்டுபிடிக்க முதல் வழி மைல்கல். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல் இல்லாத தெருவுக்கு, தாலுகா ஆபீஸில் இருக்கும் ‘அ’ பதிவேடும் புல வரைபடமும் நிலத்தின் வகையைச் சொல்லும். ஆனால் நான் இவற்றைவிட நம்புவது எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகத்தை. அரசுப் பணத்தில் தார் போட்டால் நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் அதில் எழுதித்தான் ஒப்பந்ததாரருக்கு பில் பாஸ் ஆகும். கடைசியாக யார் எம்.புக் எழுதினார்களோ அவர்கள் ‘எங்கள் சாலை இல்லை’ என்று எளிதில் சொல்ல முடியாது. உரிமை முடிவாகும்வரை அவர்களே பள்ளத்தை மூடட்டும். செலவைத் துறைகள் பிறகு தமக்குள் நேர்செய்துகொள்ளட்டும். வண்டியில் போகிறவர் எலும்பை முறித்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

எம்.புக் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுக் கட்டணம் 10 ரூபாய். தப்பான ஆபீஸுக்கு அனுப்பிவிட்டோமோ என்ற பயம் வேண்டாம்: 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, மனு தங்களுக்கு உரியதல்ல என்றால் ஐந்து நாளுக்குள் உரிய ஆபீஸுக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ‘எங்களுடையது இல்லை’ என்ற பதிலோடு அலைய வேண்டியது நாம் இல்லை, மனுதான்.

நிதி இல்லை என்ற பதிலுக்கும் மறுமொழி உண்டு. மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சி, திறந்த சாக்கடையைச் சரிசெய்யப் பணமில்லை என்றது. 1980-ல் நீதிபதி கிருஷ்ண ஐயர் உச்ச நீதிமன்றத்தில் அதை ஏற்கவில்லை. அந்த வழக்குக்கு ஆதாரமான பொதுத்தொல்லைப் பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152-ம் பிரிவு. கோட்டாட்சியரிடம் அதன்கீழ் மனுக் கொடுக்கலாம். மனுவில் சாலை தொடங்கும் இடம், முடியும் இடம், சர்வே எண், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்ற விவரம், தேதியோடு போட்டோ இருக்கட்டும். இரண்டு துறைகளும் ஒரே நாளில் வந்து கூட்டுத்தணிக்கை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.