கேரியருக்கும் சேர்த்து டீசல் போடுகிறோம்

கார்த்திகை பிறப்பதற்கு முன்பே திண்டுக்கல் டாக்ஸி ஸ்டாண்டில் எங்கள் வண்டிகளுக்கெல்லாம் கூரை மேல் கேரியர் ஏறிவிடும். மகரஜோதியோடு சபரிமலை ஓட்டம் முடியும். கேரியர் மட்டும் இறங்காது. “கோடைக்குக் கொடைக்கானல் பார்ட்டி வரும், இருக்கட்டுமே” என்று அப்படியே கிடக்கும். நடுவில் மதுரை ஏர்போர்ட், கல்யாண வீடு, ஆஸ்பத்திரி என்று ஓடும் ஓட்டத்தில் மேலே ஒரு கைப்பைகூட இருக்காது. வெறும் கம்பிதான் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

மாசி வாக்கில் ஸ்டாண்டில் ஒரே பேச்சு, வண்டி மைலேஜ் கொடுக்கவில்லை என்பதுதான். போன வருஷம் ஒரு தம்பி வந்து புலம்பினான்.

“அண்ணே, இன்ஜெக்டர் போயிருக்குமோ?”

“ஏர் ஃபில்டர் பாத்தியா?”

“மாத்தியாச்சுண்ணே.”

“டயர்ல காத்து?”

“சரியா இருக்கு.”

“மேல பாத்தியா?”

அவன் வானத்தைப் பார்த்தான்!

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சுமை என்றாலே நமக்கு எடைதான் ஞாபகம் வரும். சாமிமாரின் பைகள் மேலே இருந்தால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் பல பேருடைய கணக்கு. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு வேறு. சுமார் 45 கிலோ எடை கூடினால் மைலேஜ் குறைவது 1 சதவீதம் அளவுக்குத்தான். இருபது, முப்பது கிலோ இரும்புக் கம்பி எடையால் மட்டும் பெரிதாக எதையும் தின்றுவிடாது. தின்பது காற்று.

கேரியரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வெல்டிங் பட்டறையில் அடித்த உருண்டைப் பைப்புகள், குறுக்கே வரிசையாகப் பட்டைகள், நாலு மூலையிலும் கிளாம்ப், முன்னால் டிராவல்ஸ் பெயர் எழுதிய தகரம். கார் கம்பெனிக்காரர்கள் முன் கண்ணாடியைச் சாய்த்து, கூரையை வழவழப்பாக்கி, காற்று தடையில்லாமல் வழுக்கிப் பின்னால் போக வழி செய்திருக்கிறார்கள். கண்ணாடியின் சாய்வில் ஏறி வரும் காற்று கூரை மேல் இன்னும் வேகமெடுக்கும். சரியாக அந்த இடத்தில்தான் நாம் குறுக்கே கம்பி கட்டுகிறோம். ஒவ்வொரு கம்பியிலும் மோதிப் பிளக்கும் காற்று, அதன் பின்னால் சுழித்துக்கொண்டே வரும். ஆற்றுக்குள் நிற்கும் பாலத்தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழிக்குமே, அதே கதைதான். அந்தச் சுழிப்பு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். வேகம் எடுத்ததும் தலைக்கு மேல் ‘ஊ’ என்று ஒரு ஊளை கேட்கிறதே, அதுவும் இந்தச் சுழியின் வேலைதான். முகத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் பெயர்த் தகரம் இன்னும் மோசம். மொத்தக் காற்றையும் நெஞ்சில் வாங்கும்.

ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். 40-ல் போகும்போது சும்மா இருந்த கம்பி, 80-ல் நாலு ஆள் பலத்தோடு இழுக்கும். கூரை மேல் பெரிய மொட்டை முகப்புப் பெட்டி வைத்தால் மைலேஜ் எவ்வளவு குறையும் என்றும் அதே அமெரிக்கத் துறை சொல்கிறது. ஊருக்குள் 2 முதல் 8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம், மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் சாலையில் 10 முதல் 25 சதவீதம். அதே மாதிரிப் பெட்டியை வண்டியின் பின்பக்கம் மாட்டினால், நெடுஞ்சாலையில்கூட 1 முதல் 5 சதவீதத்தோடு போய்விடும். சுமை அதேதான். காற்று அடிக்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

வெறும் கம்பிக்குப் பெட்டி அளவுக்குச் சேதம் வராது. ஆனால் பெட்டி நாலு நாள் இருக்கும், கம்பி நாலு மாசம் இருக்கும். யூச்சே சென், ஆலன் மையர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-ல் இதைக் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூரைக் கேரியர்களால் அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 10 கோடி காலன், அதாவது 38 கோடி லிட்டர் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது என்றார்கள். சுமை இல்லாதபோது கழற்றி வைத்தாலே பெரும் மிச்சம் என்பது அவர்கள் சொன்ன யோசனைகளில் ஒன்று.

நம் கணக்குக்கு வருவோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, கேரியரால் 11 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசம் 4,000 கிலோமீட்டர் ஓடினால் 30 லிட்டர் கூடுதல். டீசல் 92 ரூபாய் என்றால் 2,760 ரூபாய். வண்டிக்கு டியூ கட்டுகிறவனுக்கு இது சின்னக் காசு இல்லை.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கவலை இவ்வளவு கிடையாது. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தில் கிளாம்ப்பைக் கவ்வ வைத்து முடுக்கினால் கேரியர் தயார். ரோடும் அப்படி, வண்டியும் அப்படி. 60-ஐத் தாண்டினாலே பெரிய விஷயம். அப்புறம் ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை நாலு வழியாகி, 44 என்று நம்பரும் மாறியது. இன்று சொந்தக் கார்க்காரர் சாதாரணமாக 90-ல் போகிறார். 60-க்கும் 90-க்கும் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்கு. கேரியர் மாறவில்லை, ரோடு மாறிவிட்டது.

ஆகவே சொந்த வண்டிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் டிக்கியை நிரப்புங்கள். மேலே ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பைகளைக் கோபுரமாக அடுக்காமல் படுக்க வைத்துப் பரப்புங்கள். தார்ப்பாய் படபடவென்று அடிக்காமல் இழுத்துக் கட்டுங்கள். 80-ஐத் தாண்டாதீர்கள். புதிதாக வாங்குவதானால் உருண்டைப் பைப்புக்குப் பதில், முன்பக்கம் உருண்டு பின்பக்கம் கூர்ந்து போகும் குறுக்குக் கம்பியாகக் கேளுங்கள். காற்று அதில் எளிதாக வழுக்கும். கூரையின் நீளவாக்கில் கம்பெனியே பொருத்தித் தரும் கம்பிகள் அவ்வளவாகத் தொல்லை தராது. வம்பெல்லாம் குறுக்கே போவதில்தான். மாட்டும்போதே போல்ட்டில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பலர் கேரியரைக் கழற்றாமல் விடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை, துருப்பிடித்த போல்ட்டும்தான்.

இதில் பயணிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. போன் போட்டதும் “கேரியர் வண்டியா?” என்றுதான் கேட்கிறார்கள். கேரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிலோமீட்டர் வாடகை ஒன்றுதான் என்பதால், இல்லை என்று சொல்லி சவாரியை விட எந்த டிரைவருக்கும் மனசு வராது, மாட்டியே வைத்திருப்பான். நான் இப்போது பதிலுக்கு, “எத்தனை பேர், எத்தனை பெட்டி?” என்று கேட்கிறேன். பாதிப் பேருக்கு டிக்கியே போதும் என்று அந்தப் போனிலேயே தெரிந்துவிடுகிறது.